லேசானது

சனிக்கிழமை மதியம் ஹார்லனின் பட்டறையில் இருந்தவர்கள்: ஹார்லன், துப்பாக்கி பழுது பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர், உட்காரத் தெரியாதவர். வெர்னா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், வலது தோளில் தசை கிழிந்தவள். நார்ப் யூரிக், கிளப்பில் போட்டிகளை நடத்துபவர், யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் மறுக்காதவர். நான். ஹார்லனின் நாய், அதற்கு நாய் என்றே பெயர். மேசையில் வைஸின் இரும்பு வாயில் கவ்வப்பட்டு, வெர்னாவின் கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள்.

பட்டறை முன்பு கார் கழுவும் இடமாக இருந்தது. தரையில் இன்னும் தண்ணீர் வடியும் பள்ளம் உண்டு. திருகாணி கீழே விழுந்தால் உருண்டு நேராக அங்கே போய்விடும். ஹார்லன் அதில் ஒரு காந்தத்தைப் போட்டு வைத்திருந்தார்.

வெர்னா நின்றாள், நடந்தாள், மறுபடி நின்றாள். மறுநாள் போட்டி. கார்பைன் பிரிவில் பெண்களில் முதலில் வருகிறவளுக்கு இலையுதிர் காலத்தில் ஓஹையோவில் நடக்கும் பெரிய போட்டியில் இடம் கிடைக்கும். அது முடிந்ததும் அவளுக்குத் தோளில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு அந்தத் தோளில் எதையும் முட்டுக்கொடுத்துச் சுடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அவளால் முடியாது.

"எவ்வளவு குறைச்சே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குறைக்கல. இடம் மாத்தினேன்."

"நான் குறைக்கத்தானே சொன்னேன்?"

"நீ ஆயிரம் சொல்லுவே. எடை எங்கேயாவது இருந்தே ஆகணும், வெர்னா. உள்ள இல்லைன்னா உன் மூஞ்சில இருக்கும்."

மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் ரைஃபிளில் போல்ட் பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது பின்பக்கம் கதவு தாழ் போட்டது போல இருக்கும். கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற இந்தக் கார்பைனில் அந்தத் தாழ் கிடையாது. போல்ட் ஒரு இரும்புக் கட்டி. அதற்குப் பின்னால், தோளில் முட்டும் கட்டைக்குள் இருக்கும் குழாயில், பஃபர் என்கிற ஒரு கனமான உருளை. அதைச் சுற்றி ஸ்பிரிங். தோட்டா வெடித்ததும் இந்த இரும்பு நகரத் தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் தாழ். குண்டு குழலை விட்டு வெளியே போகும் வரை அது தயங்கினால் போதும். எடை குறைந்தால் தயக்கம் குறையும். பித்தளை ஓடு, உள்ளே அழுத்தம் இருக்கும்போதே பாதி வெளியே வந்து நிற்கும். பித்தளை மெல்லியது, பிளந்துவிடும்.

எடை அதிகமானால் ஆபத்து இல்லை. ஆனால் அத்தனை இரும்பும் பின்னால் போய் ஒரு முட்டு, திரும்பி வந்து ஒரு முட்டு. ஒவ்வொரு முட்டுக்கும் வெர்னாவின் தோள் வலித்தது.

"சோம்பேறி இரும்பு. அந்தச் சோம்பேறித்தனம்தான் உன் கண்ணைக் காப்பாத்துது" என்றார் ஹார்லன்.

"அப்ப நானும் பாதுகாப்புச் சாதனம்தான்" என்றார் நார்ப், மான் சாசேஜை மென்றுகொண்டே.

"உன்னை உள்ள வெச்சா துப்பாக்கி ஒரு தடவை சுடும். அப்புறம் நீ முன்னாடி வரவே மாட்டே."

ஹார்லன் செய்திருந்தது இதுதான். போல்ட்டின் பின்பகுதியில் ஊசி அடித்துப் பொருத்தியிருந்த எடைக்கட்டியைக் கழற்றிவிட்டார். அந்த எடையைப் பஃபரில் சேர்த்துவிட்டார். புதிய பஃபரின் உள்ளே சின்னச் சின்ன உலோக வில்லைகள் ஆடிக்கொண்டிருக்கும். போல்ட் போய் முட்டிய பிறகு கொஞ்சம் தாமதமாக அவை போய் முட்டும். முட்டு ஒரே அடியாக வராமல் சிதறி வரும். மொத்த எடை அதேதான்.

பின்னால் போய் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தாள். வெயில் நன்றாக இருந்தது. கார்பைன் தடங்கல் இல்லாமல் ஓடியது.

"பரவால்ல" என்றாள். வெர்னா பரவாயில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"பரவால்லதான் கிடைக்கும். நல்லா இருக்குன்னா எங்கேயோ தப்புன்னு அர்த்தம்."

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தார். கழற்றிய எந்தச் சாமானையும் ஹார்லன் வைத்துக்கொள்ள மாட்டார். தேய்ந்த ஊசியானாலும் உடைந்த திருகானாலும் பையில் போட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பையில் வெர்னாவின் பழைய பஃபர் இருந்தது. அதோடு, எதற்கும் இருக்கட்டும் என்று, இலகுவான ஒரு ஸ்பிரிங்கையும் போட்டார். போல்ட்டின் எடைக்கட்டியை மட்டும் மேசையிலேயே மறந்துவிட்டு, அவள் வண்டி போன பிறகு பார்த்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பார்சல் கிடங்கில் என் இரவு வேலை முடிந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஹார்லனின் பட்டறையில் காபி உண்டு, பேச்சு உண்டு.

"வா, ஆந்தை" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "தூக்கம் வரலையா, உன்னைத் தூக்கத்துக்குப் பிடிக்கலையா?"

மே மாதம்தான், ஆனாலும் புல்லில் வெள்ளையாகப் பனி. ஹார்லன் வேலை எதுவும் செய்யவில்லை. ஒரு அரத்தை எடுப்பார், வைப்பார், வேறு இடத்தில் வைப்பார். தான் சரிசெய்த துப்பாக்கி போட்டிக்குப் போகிற நாளில் அவர் எப்போதும் இப்படித்தான். போய்ப் பார்க்கவும் மாட்டார்.

போன் அடித்தது. கையில் எண்ணெய், அதனால் மேசையில் வைத்தே ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஹார்லன், உன் பொருள் என் மானத்தை வாங்குது" என்றாள் வெர்னா. மூச்சு இரைத்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"என்னாச்சு?"

"ஓடே வெளிய வர மாட்டேங்குது. ரெண்டு சுட்டா ஒண்ணு கவ்விக்குது. முதல் சுத்துல பாதி நேரம் கவ்வினதை எடுத்துக்கிட்டே நின்னேன். நல்ல தோட்டா எல்லாம் சேத்துல கிடக்குது."

ஹார்லன் கண்ணை மூடினார். எனக்கே புரிந்தது. வெர்னா தானே தோட்டா நிரப்புகிறவள். தோளுக்காக வெடிமருந்தைக் குறைத்து, விதி அனுமதிக்கிற அடிமட்டத்தில் போடுவாள். குளிரில் அந்த மருந்து இன்னும் சோர்ந்துபோகும், எண்ணெய் கெட்டியாகும். போல்ட்டை முழுதாகப் பின்னால் தள்ள அதற்குத் தெம்பு இல்லை.

"குளிரு. அவ்வளவுதான்" என்றார். "பை இருக்கா?"

"இருக்கு. சீக்கிரம் சொல்லு, எனக்கு முன்னாடி ரெண்டு பேருதான்."

"அதுல லேசானது இருக்குல்ல? அதை எடுத்துப் போடு."

"லேசானதா?"

"லேசானதுதான். வேற எதுலயும் கை வைக்காதே. சரியாயிடும்."

"பாத்துக்கோ, ஆகலைன்னா இதை உன் வீட்டுக் கூரைமேல வீசிட்டுப் போயிடுவேன்."

"வீசு. அங்க ஒழுகுது, அடைச்ச மாதிரி இருக்கும்."

வைத்துவிட்டாள். ஹார்லன் கையைத் துடைத்தார், காபி ஊற்றினார், குடிக்கவில்லை. ஒரு பழைய ரிவால்வரைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். நாய் எழுந்து கதவு வரை போய் வந்தது. யாரும் வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் கண்ணயர்ந்திருப்பேன்.

அவர் என் காலை உதைத்து எழுப்பினார். "இதைப் பெருசாக்கு. எனக்கு வர மாட்டேங்குது."

வெர்னா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதன் கீழே: 'பஞ்சு மாதிரி இருக்கு ஹார்லன். இது துப்பாக்கியா, தலையணையா? நான்தான் முன்னாடி இருக்கேன். இன்னும் ஒரு சுத்துதான்.' படத்தில் அவள் வண்டியின் பின்பலகை. பாதி தின்ற ஹாம் சாண்ட்விச். நார்ப்பின் பெரிய கை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி. ஓரத்தில் அந்த பிளாஸ்டிக் பை.

பையைப் பெரிதாக்கினேன்.

"என்ன இருக்கு அதுல?"

"ஸ்பிரிங்."

"நல்லாப் பாரு."

"ஸ்பிரிங்தான் ஹார்லன். சுருண்டு கிடக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் மேசையைப் பார்த்தார். நேற்று மறந்து வைத்த எடைக்கட்டி அங்கேயே கிடந்தது. பையில் லேசானவை இரண்டு இருந்தன. அவர் ஸ்பிரிங்கைச் சொன்னார். அவள் பஃபரைப் போட்டாள். ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால் எடை அப்படியே இருந்திருக்கும், போல்ட் மட்டும் கொஞ்சம் சுலபமாகப் பின்னால் வந்திருக்கும். இப்போது போல்ட்டிலும் எடை இல்லை, பஃபரிலும் இல்லை. அதனால்தான் பஞ்சு மாதிரி இருந்தது.

அவளைக் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. நார்ப்பைக் கூப்பிட்டார், அதே கதை. கிளப் இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றால்தான் சிக்னல் வரும். சுடும் இடத்தில் வராது.

"சாவி" என்றார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

பாதை முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டினார். என்னிடம் இல்லை.

"சாதுவான தோட்டா. அவ மருந்து சாது. இத்தனை சுத்து தாங்கியிருக்கு. இன்னும் ஒரு சுத்து தாங்கும்."

"அப்ப ஏன் இப்படிப் பறக்கிறீங்க?" என்றேன். ஒரு வளைவில் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

"தாங்கும்னு தெரிஞ்சா மெதுவாப் போவேன்டா."

மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஹார்லன் ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை. இன்று அடித்தார். லாரிக்காரன் சாவகாசமாகக் கையை வெளியே நீட்டி நடுவிரலைக் காட்டினான்.

"கண்ணாடி போட்டிருப்பா" என்றார். "கண்ணாடி இல்லாம நார்ப் விட மாட்டான். கண்ணு போகாது. கை போகலாம். தோட்டா அடைச்ச மேகசினைப் பிடிச்சிருக்கிற கை." அடுத்த வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்தார். "முதல் சுத்துல நல்ல தோட்டா எல்லாம் சேத்துல போச்சுன்னு சொன்னாள்ல?"

"ஆமா."

"எத்தனை கொண்டு போயிருப்பா? எண்ணித்தான் கொண்டு போவா. தூக்க முடியாது அவளால."

இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் கிளப்பில் தோட்டா தீர்ந்ததால் யாரும் வீட்டுக்குப் போனது கிடையாது. கேட்கவே வேண்டாம். பக்கத்தில் நிற்பவன் தன் டப்பாவைத் திறந்து நீட்டுவான். எதிரியாக இருந்தாலும் நீட்டுவான், பிறகு அவனைத் தோற்கடிப்பான். ஆனால் அது கடையில் வாங்கிய தோட்டாவாக இருக்கும். சாதுவாக இருக்காது.

ஹார்லன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

கிளப்பின் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக ஓடினார். கடைசிச் சுற்று மேட்டுக்கு அப்பால். கயிற்றுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள். சுடும் கோட்டில் வெர்னா, கார்பைன் தோளில். அவளுக்குப் பின்னால் நார்ப், டைமரை அவள் காதருகே பிடித்தபடி. மரப்பெட்டியின் மேல் ஒரு தோட்டா டப்பா திறந்து கிடந்தது. சிவப்பு டப்பா, கடைச் சரக்கு, நார்ப் எப்போதும் வாங்குவது.

"தயாரா?" என்றார் நார்ப்.

வெர்னா தலையசைத்தாள்.

அதற்கும் டைமரின் பீப் சத்தத்துக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஆபத்து என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் நான் அங்கே போய் வருகிற இத்தனை காலத்தில் ஒரு வெளியாள் கத்திக் கேட்டதில்லை. கத்தினால் அவள் ஆட்டம் கெடும். கத்துகிறவர் தன் கைவேலையில்தான் கோளாறு என்று, தன்னிடம் வேலை கொடுக்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்கிற மாதிரி ஆகும்.

"நிறுத்து!" என்றார் ஹார்லன். "நார்ப், நிறுத்து! இறக்கு!"

நார்ப்பின் கை வெர்னாவின் முதுகில் பட்டது. "விரலை எடு. மேகசினை எடு. காலி பண்ணிக் காட்டு." காட்டினாள். நார்ப் உள்ளே எட்டிப் பார்த்தார், காலி என்பதற்கு அடையாளமான மஞ்சள் கொடியைத் துவாரத்தில் செருகினார். அதன் பிறகுதான் வெர்னா திரும்பினாள்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"பஃபரைப் போட்டுட்டே."

"நீதானே போடச் சொன்னே!"

"ஸ்பிரிங்கைச் சொன்னேன்."

"லேசானதுன்னு சொன்னே. ஸ்பிரிங்குன்னு சொல்லலை. இத்தனை பேரு இருக்காங்க, கேளு. ஆந்தையக் கேளு, அவன் பக்கத்துல இருந்திருப்பான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "லேசானதுன்னுதான் சொன்னாரு" என்றேன்.

"சொன்னேன்" என்றார் ஹார்லன். "தப்புத்தான். இப்ப போல்ட்லயும் எடை இல்ல, பின்னாடியும் இல்ல. நார்ப்போட தோட்டாவைப் போட்டா…"

"அப்படியேதானே மூணு சுத்து சுட்டேன்! வெடிச்சுச்சா?"

நார்ப் தன் வாளியை இழுத்தார். அவருக்குப் பித்தளை ஓடு பொறுக்குகிற பைத்தியம் உண்டு, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எல்லோர் ஓட்டையும் கூட்டி அள்ளிவிடுவார். வெர்னா தன் ஓடுகளில் அடையாளத்துக்கு நீல மை பூசுவாள். நீலமாக இருந்ததில் ஒன்றை எடுத்து ஹார்லனிடம் நீட்டினார். அடியோரத்தில், ஒரு பக்கமாக, உள்ளழுத்தத்தில் உப்பிய சின்னத் தொப்பை.

"காலையிலயே பாத்தேன்" என்றார் நார்ப் சங்கடத்தோடு. "பழைய ஓடு, பல தடவை நிரப்பினதுன்னு நினைச்சேன்."

"உனக்குத்தான் எல்லாத் தொப்பையும் சாதாரணமாத் தெரியுமே" என்று கயிற்றுக்குப் பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார்.

வெர்னா அந்த ஓட்டை வாங்கி விரலால் தடவினாள். திருப்பிக் கொடுத்தாள். "வெடிக்கலை" என்றாள் மறுபடியும்.

அப்படியே சுட நார்ப் அனுமதிக்கவில்லை, அனுமதிக்கவும் முடியாது. கனமான பஃபர் அவள் வண்டியில், காபிக் கோப்பை வைக்கும் குழியில் கிடந்தது. ஹார்லன் கார்பைனைப் பிரிப்பதற்கென்று ஒதுக்கிய மேசைக்குக் கொண்டுபோய் அதை மாட்டினார். பையில் இருந்த ஸ்பிரிங்கையும் மாட்டினார். கழற்றிய பஃபர் அவர் சட்டைப்பைக்குள் போனது. ஒரு ஊசி இரண்டு தடவை கீழே விழுந்தது. வெர்னா பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்தாள்.

சுட்டாள். கார்பைன் எங்கும் கவ்வவில்லை. நார்ப்பின் தோட்டாவும் முழு எடையும் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் அவள் தோளை முழுசாக முட்டின. பாதிக்குப் பிறகு, சுடுவதற்கு முன்பே அவள் முகம் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. அடி வரப் போகிறது என்று தெரிந்த ஆள் அப்படித்தான் சுடுவார். கடைசி இரண்டு இலக்கு அட்டைகளிலும் குண்டு ஓரத்துக்குப் போனது. ஜான்ஸ்டவுனிலிருந்து வந்த ஒரு நர்ஸ் முதலிடம். வெர்னா இரண்டாவது. வித்தியாசம் ஒரு தும்மல் அளவு.

நர்ஸ் வந்து கை கொடுத்தாள். வெர்னா இடது கையைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம், வெயில் இன்னும் மேசைமேல் இருக்கும்போதே, அவள் வண்டி பட்டறைக்கு முன்னால் வந்து நின்றது. தோளில் ஐஸ் பையை வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். கார்பைன் பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் போட்டாள்.

"மூணு சுத்து இருந்த மாதிரி பண்ணிக் குடு."

"முடியாது" என்றார் ஹார்லன்.

"இன்னும் ஒரு போட்டி இருக்கு. அடுத்த மாசம், ஈரியில. அதுலயும் ஒரு இடம் தர்றாங்க. நார்ப் சொன்னான்."

"போ. சுடு. இப்ப இருக்கிற மாதிரி சுடு."

"இப்ப இருக்கிற மாதிரி சுட்டா என்ன ஆகும்னு இன்னைக்குப் பாத்தேல்ல?"

ஹார்லன் பெட்டியைத் திறக்காமல் அதைச் சுற்றி நடந்தார். நாயும் அவர் பின்னாலேயே நடந்தது.

"தப்பு என்னோடது. ஸ்பிரிங்குன்னு சொல்லியிருக்கணும். வாயில வரலை. அதுக்கு என்ன வேணாலும் திட்டு."

"நான் திட்டவே வரலை, ஹார்லன். உன் தப்பு நல்லா இருந்துச்சு. அதான் வேணும்." குரல் தணிந்தது. "உனக்குத் தெரியாது. குறி பாக்கிற அந்தச் சிவப்புப் புள்ளி அட்டையை விட்டு நகரவே இல்ல. தோள் இருக்கிறதே மறந்துபோச்சு. இந்த ரெண்டு வருஷத்துல அப்படி ஒரு நாள் இல்ல. பஸ்ஸுல கியர் போடும்போதுகூட வலிக்குது எனக்கு."

"அந்த வலியாலதான் உனக்கு இன்னும் கை இருக்கு."

"அதை நிரூபி."

நிரூபிக்கப் போனார். அது அவருக்கே பிடித்த வழி, ஒப்புக்கொள்ளாவிட்டாலும். பட்டறைக்குப் பின்னால், மண்மேட்டுக்கு எதிரே, பழைய டயரோடு சேர்த்து ஒரு மரச்சட்டம் இருக்கிறது. கார்பைனில் லேசான பஃபரைத் திரும்பப் போட்டு, அதைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, விசையில் கயிறு கட்டினார். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். கடைத் தோட்டா, ஒரு தடவைக்கு ஒன்று. கயிற்றை வெர்னாவே இழுத்தாள், இடது கையால்.

வெடித்தது. அதாவது, சுட வேண்டிய விதத்தில் சுட்டது. ஓடு வெளியே வந்து புல்லில் விழுந்தது.

"இன்னொண்ணு" என்றார் ஹார்லன்.

இன்னொன்று. அதற்கு மேலும் ஒன்று. அவர் ஒவ்வொரு தடவையும் போய், எடுத்து, தோட்டா போட்டு, திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தாண்டி வரும்போது அவர் கழுத்து விறைத்திருந்தது. டப்பா காலியாகும் வரை சுட்டார்கள். ஒன்றும் பிளக்கவில்லை. புல்லில் கிடந்த ஓடுகளை நான் பொறுக்கினேன். எல்லாவற்றிலும் தொப்பை. சிலவற்றில் பெரிது, பித்தளை வெளுத்துப்போகும் அளவுக்கு. ஆனால் ஒன்றிலும் கீறல் இல்லை.

வெர்னா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "வெடிக்கலை."

"வெடிக்கலை" என்றார் ஹார்லன். "இன்னைக்கு."

"இன்னைக்குத்தான் எனக்கு வேணும். அடுத்த மாசம் ஒரு நாள், அப்புறம் ஓஹையோவுல ஒரு நாள். அதுக்கப்புறம் நீயே வெச்சுக்கோ, உருக்கிக் கொக்கி பண்ணிக்கோ. என்னோட சாது தோட்டாதான் போடுவேன். யாரு நீட்டினாலும் வாங்க மாட்டேன். சத்தியமா."

"காலையில கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பே. மத்தியானம் நார்ப் டப்பாவை நீட்டினான். கையை நீட்டினே."

வெர்னா ஐஸ் பையைத் தோளில் சரிசெய்தாள். ஹார்லன் கார்பைனை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்தார். லேசானதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கனமான பஃபரை மாட்டினார். மேசையில் கிடந்த எடைக்கட்டியைப் போல்ட்டுக்குள் செருகி, ஊசியைச் சுத்தியால் அடித்து உள்ளே இறக்கினார். இப்போது முன்பு இருந்ததைவிடவும் கனம்.

"ஊசியைப் புடுங்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியும். புடுங்கு. அப்புறம் இங்க கொண்டு வராதே."

"ஆல்டூனாவுல ஒருத்தன் இருக்கான். கேட்ட மாதிரி பண்ணிக் குடுப்பான்."

"குடுப்பான்."

பெட்டியை மூடினாள். பிறகு கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"என்ன?"

"கழட்டினது. என் பஃபர்."

ஹார்லனின் சட்டைப்பை தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் அந்த உருளை. முப்பது வருடமாக யாருடைய ஒரு திருகையும் அவர் வைத்துக்கொண்டதில்லை. செத்துப்போனவர்களின் சாமானைக்கூட மனைவியிடமோ மகனிடமோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கை பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தர மாட்டேன்."

"அது என்னோடது."

"உன்னோடதுதான்."

"அப்ப திருடுறே."

"ஆமா."

"கடையில இதே கிடைக்கும்டா, கிழவா. நாளைக்கே வாங்கிடுவேன்."

"வாங்கு. என் கையால குடுக்க மாட்டேன்."

அவள் கை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அதே கையால் பெட்டியின் பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை, ஐஸ் பை நழுவியது. நான் போய்ப் பெட்டியைத் தூக்கினேன். அவள் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஹார்லன் எங்களைப் பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"பெட்டியை வண்டியில வெச்சுட்டு வர்றேன்" என்றேன்.

அவர் துணியை உதறினார். வெர்னா முன்னால் போனாள், நான் பெட்டியோடு பின்னால். பின்பலகையை இறக்கக்கூட இல்லை, அதற்குள் எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் ஜாக்கெட் உள்ளே நாற்காலியில் இருந்தது. உள்ளிருந்து பூட்டு ஒரு தடவை திரும்பியது, பிறகு இன்னொரு தடவை.